அப்போ என் சைக்கிள்?

"இத பெட்டிக்குள்ள வைக்க முடியாதும்மா. அடி ரப்பர்."

சாவு ஏற்பாடுகளைக் கவனிக்கும் கெர்ஷா நீட்டிய சூப்பர் மார்க்கெட் பைக்குள் எட்டிப் பார்த்தாள் லோர்னா. இரண்டு சிவப்பு பூட்ஸ். முட்டி வரை நீளம், மூக்கில் கரி, ஒரு குதிகாலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அப்பா நாற்பத்தைந்து வருஷம் மேடையில் போட்டுக் குதித்த பூட்ஸ்.

"பூட்ஸோடதான் எரிக்கணும்னு எழுதி வச்சிருக்காரே?"

"எழுதறவங்க என்ன வேணா எழுதலாம். ரப்பர் எரிஞ்சா கரும்புகை வரும், இங்க விட மாட்டாங்க," என்றார் கெர்ஷா. ரோச்டேல் ஊரில் பாதிப் பேரை அனுப்பி வைத்த மனிதர், குரல் ஏறவே ஏறாது. "சாக்ஸ் போட்டு விட்டிருக்கேன். கம்பளி சாக்ஸ்."

"உயிரோட இருக்கும்போதும் அவர எங்கயும் விட மாட்டாங்க," என்று பையை வாங்கிக்கொண்டாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கைப்பைக்குள் போகாது. தோளில் மாட்டினால் இடுப்பில் இடித்தது. செத்தும் இந்த மனுஷன் இடைஞ்சல்தான் என்று நினைத்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. ட்ரிங் ட்ரிங். முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு கணக்கே இல்லை. தகனக்கூடத்து வாசலில் சவ வண்டி நுழைந்ததும், தோட்டத்து ஓரமாகக் கூடியிருந்த நூறு பேரும் கையில் வைத்திருந்த சைக்கிள் மணியை அடித்தார்கள். எல்லாம் அப்பாவின் பழைய ரசிகர்கள், ஐம்பது, அறுபது வயதுத் தடியன்கள். தொந்தி, வழுக்கை, காலில் சிவப்பு பூட்ஸ். முந்தைய சாவுக்கு வந்தவர்கள் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், என்ன கருமம் இது என்பது போலப் பார்த்தார். லோர்னாவுக்கு அந்தக் கிழவரின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

கூட்டத்தில் ஒருவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். "ஏய், அந்தப் பொண்ணுடா! லோர்னா! அப்போ என் சைக்கிள்?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஐம்பது வயதாகிறது அவளுக்கு. அந்தக் கேள்வி அவளைத் துரத்த ஆரம்பித்து நாற்பத்து நாலு வருஷம். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் கேட்டான். விவாகரத்தில் வக்கீல் கேட்டான், அதுவும் தமாஷாம். அவள் வேலை பார்க்கும் பல் டாக்டர் இடத்தில், வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு வருகிறவன்கூட, பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுக் குழறிக் குழறிக் கேட்டுவிட்டுத்தான் போவான்.

விஷயம் இதுதான். மேடையில் ஜோக் சொல்லும் அப்பாவின் தொழிலில் செத்தேன் என்றால் ஒருத்தனும் சிரிக்கவில்லை என்று அர்த்தம். நேற்று லீட்ஸில் செத்தேன், போன வாரம் டெர்பியில் செத்துச் சுண்ணாம்பானேன் என்று இட்லி சாப்பிட்ட மாதிரிச் சொல்வார்கள். ஆறு வயதில் லோர்னாவுக்கு அது தெரியாது. ஒரு சனிக்கிழமை காலை, அம்மா போனில் சித்தியிடம், "நோரிஸ் நேத்து வுல்வர்ஹாம்டன்ல செத்துட்டான்டி. மொத்தமா செத்துட்டான்," என்று சொன்னதை மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள். நம்பிவிட்டாள்.

அதை அப்பா மேடையில் ஏற்றினார். சின்னப் பெண், அப்பன் செத்துட்டான் என்று கேள்விப்படுகிறாள், மூக்கை உறிஞ்சுகிறாள், யோசிக்கிறாள், கேட்கிறாள்: "அப்போ என் சைக்கிள்?" மேடை எடுபிடி டெஸ் பின்னாலிருந்து மணியடிப்பான். அவ்வளவுதான் நகைச்சுவை. நாடே உருண்டது.

அதற்கு முன்னால் நோரிஸ் ஆக்டன் யார்? சோஹோவில் ஒரு மதுக்கடை மாடியில், மாமியார் ஜோக்கும் கறுப்பர் ஜோக்கும் சொல்கிற கிழட்டுக் கோமாளிகளை ஒழிக்கப் போகிறோம் என்று கிளம்பிய கூட்டத்தில் ஒருத்தர். முன்வரிசைக்காரன் மேல் கானாங்கெளுத்தி மீனை வீசுவார். சொந்தக் கால்சட்டைக்குத் தீ வைத்துக்கொள்வார். கிண்டல் பண்ணுகிறவன் மடியிலேயே போய் உட்கார்ந்து அவன் சிப்ஸைத் தின்பார். பிரதமர் அம்மாளைத் திட்ட ஆரம்பித்தால் மூச்சு விட மாட்டார். மேடைப் பெயர் நியூசன்ஸ் நோரிஸ். மீனும் தீயும் பத்திரிகையில் வந்தன. சைக்கிள்தான் டெலிவிஷனில் வந்தது. இரண்டு வருஷத் தொடர், பெரிய வீடு, அப்புறம் நேரடி ஒளிபரப்பில் ஒரு பிஷப் தலையில் கஸ்டர்டைக் கொட்டித் தடை, அப்புறம் சோபா விளம்பரம். முதலாளிகளைத் தூக்கில் போடச் சொன்ன அதே வாயால், தவணையில் சோபா வாங்கச் சொன்னார். கடைசியில் கடலோர ஊர்களின் சின்னச் சின்ன அரங்குகள். எங்கே போனாலும் கடைசி அயிட்டம் சைக்கிள். குடும்பத்தைக் கேலி பண்ணுகிறவன்களை ஒழிக்கப் போனவர் பெற்ற மகளை வைத்தே பிழைத்தார்.

பத்து நாள் முன்னால் டெஸ் அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போன் பண்ணினான். "கண்ணு, உங்கப்பன் ஸ்கார்பரோல செத்துட்டான்."

"எத்தனை பேர் வந்திருந்தாங்க?" என்று கேட்டாள் லோர்னா.

"பதினாறு பேர்."

"பதினாறு பேர சிரிக்க வைக்க முடியலயா? அப்போ தொழில விட்டுடச் சொல்லுங்க," என்று போனை வைத்துவிட்டாள். அடுத்த நோயாளிக்கு நேரம் குறித்தாள். போன் திரும்ப அடித்தது.

"இல்ல கண்ணு. நிஜமாவே," என்றான் டெஸ். விடுதி அறையில், காலை டீயை எடுத்துக்கொண்டு போனவர்கள் பார்த்தார்களாம்.

அந்த இரண்டு போனுக்கும் நடுவில் போன ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்னும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபம் என்று மட்டும் சொல்லத் தெரியாது.

அந்த டெஸ் இப்போது புல்தரையைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். எழுபத்து நாலு வயது, ஒட்டடைக் கம்பு உடம்பு, கோணலான டோப்பா. மீன் வாளியைத் தூக்கியே தோள் இறங்கிப்போனவன். கோட்டுப் பையில் என்னவோ புடைத்துக்கொண்டிருந்தது.

"அது என்ன டெஸ் மாமா?"

"எது?"

"பையில."

டெஸ் வெளியே எடுத்தான். பழைய பித்தளை மணி. முதல் நாளிலிருந்து அடித்த மணி.

"முடியவே முடியாது," என்றாள்.

"ரெண்டு நிமிஷம் கண்ணு. பெட்டி பக்கத்துல நின்னு நான் அந்தப் பொண்ணு மாதிரி..."

"அந்தப் பொண்ணு இங்கதான் நிக்கிறா. அவ முடியாதுன்னு சொல்றா."

"இவங்கெல்லாம் அதுக்குத்தான் வந்திருக்காங்க. ஒருத்தன் அபெர்தீன்லருந்து வந்திருக்கான். அது இல்லாம உங்கப்பன எப்படி அனுப்புறது?"

"சாக்ஸோட அனுப்பறோம். அது போதும்."

டெஸ் வாயை மென்றான். "உங்கம்மா?"

"ஸ்பெயின்ல இருக்கா. 'ஒருவழியா' ன்னு ஒரே வார்த்தை செய்தி அனுப்பியிருக்கா. ஆச்சரியக்குறி வேற."

"நீ என்ன பண்ணப் போற?"

"பேசப் போறேன். நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லன்னு இந்தத் தடியனுங்க முன்னாடி ஒரு தடவை சொல்லணும். ஒரே ஒரு தடவை. அப்புறம் இவங்க எக்கேடும் கெட்டுப் போகட்டும்."

டெஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இந்தக் கூட்டம் முன்னாடி உண்மைய எடுத்துட்டுப் போகாத கண்ணு. தாங்காது," என்றான். என்னவோ மேலும் சொல்ல வந்து, மணியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

உள்ளே இடம் போதவில்லை. சுவரோரமெல்லாம் நின்றார்கள். சடங்கை நடத்தும் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, நாற்பது நிமிஷம்தான், மூன்று மணிக்கு வேறொரு குடும்பம் என்று சிரித்த முகமாகச் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். நோரிஸ் 1949இல் பிறந்தார் என்றாள், சிரித்தார்கள். அன்பான தந்தை என்றாள், மணிகள் அடித்தன. முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த லோர்னா, காலடியில் வைத்த பையைக் குதிகாலால் பின்னுக்குத் தள்ளினாள்.

பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனாள். தாளைப் பிரித்தாள். வாயைத் திறக்கும் முன்பே பின்னால் யாரோ, "அப்போ என் சைக்கிள்?" என்றான். ஓவென்று எழுந்த சிரிப்பு கூரையில் போய் முட்டியது.

அடங்கும் வரை நின்றாள்.

"எங்கப்பா நல்ல மனுஷன் இல்ல," என்றாள்.

சிரித்தார்கள்.

"நான் தமாஷ் பண்ணல."

இன்னும் சிரித்தார்கள். அச்சு அசல் நோரிஸ் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"என் பிறந்தநாளுக்கு அவர் வந்ததே இல்ல," என்று தாளைப் பார்த்து வாசித்தாள். "ஒரு தடவை வந்தார்." அடுத்த வரி எங்கே என்று தேடக் கொஞ்சம் நேரமானது. "அன்னைக்கு என் பிறந்தநாள் இல்ல."

சிரிப்பில் கூடம் இடிந்து விழுந்தது. ஒருவன் முன்னால் இருந்த பெஞ்சில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தான். சடங்கு அம்மாள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். லோர்னாவுக்கு முழங்காலிலிருந்து வெதுவெதுவென்று என்னவோ ஏறியது, குளிரில் வந்தவள் அடுப்புப் பக்கம் நின்ற மாதிரி. நூறு பேர் முகமும் அவளையே பார்த்து மலர்ந்திருந்தது. இன்னொன்று சொல்லு, இன்னொன்று சொல்லு என்றது. சொல்லவும் தோன்றியது. நாக்கின் நுனியில் தயாராக இருந்தது, அம்மாவின் ஆச்சரியக்குறியைப் பற்றி. அதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று திட்டமாகத் தெரிந்தது.

ஓகோ, இதற்காகத்தான் நீர் வீட்டுக்கே வரவில்லையா என்று பெட்டியைப் பார்த்து நினைத்தாள். அந்தச் சுகத்தை இனம் கண்டுகொண்டாள்.

தாளை மடித்தாள்.

"எனக்கு ஆறு வயசு," என்றாள். குரலில் ஏற்றமும் வைக்கவில்லை, இறக்கமும் வைக்கவில்லை. எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சிரித்துவிடுவார்கள். "அப்பா செத்துட்டாருன்னு அம்மா போன்ல சொன்னா. நான் அழல. மாடிப்படிக்கு அடியில அவரோட பிரவுன் ஷூ இருந்துச்சு. சிவப்பு பூட்ஸ் மேடைக்கு, பிரவுன் ஷூ வெளிய நடக்க, அன்னைக்கு பூட்ஸோடயே போயிருந்தார். செத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. எங்கயோ தூரமா போயிடுவாங்க, நடந்து வரணும்னு நினைச்சேன். ஷூவ எடுத்துட்டுப் போய் வாசப்படியில வச்சேன். வந்தா போட்டுக்கட்டும்னு."

ட்ரிங் என்று ஒரு மணி அடித்தது. யாரோ, உஷ் என்றார்கள்.

"அன்னைக்கு முழுக்க மழை. நான் ஜன்னல்லயே உக்காந்திருந்தேன். சாயங்காலம் அவர் வந்தார். அவருக்கு இருந்தது அந்த ஒரு ஜோடி நல்ல ஷூதான். அதுல தண்ணி ரொம்பி நின்னுச்சு. எந்த முட்டாள் வச்சதுன்னு கேட்டார். நான்தான்னு ஓடிப் போய் சொன்னேன். சந்தோஷமா சொன்னேன், வந்துட்டாரேன்னு. அறைஞ்சார். ரெண்டு நாள் இந்தக் காது கேக்கல."

பின்னால் ஒருவன் மணியை மெதுவாகக் கோட்டுக்குள் நுழைப்பது தெரிந்தது.

"சைக்கிள் பத்தி நான் வாயே தொறக்கல. எனக்கு சைக்கிள் விடத் தெரியாது. அவரும் கத்துக் குடுக்கல, அதுக்கப்புறம் நானும் ஏறல. அவ்வளவுதான்."

சிரிப்பு இல்லை. கைதட்டல் இல்லை. ஒரு இருமல்கூட இல்லை. டெஸ் டோப்பா தெரியக் குனிந்து உட்கார்ந்திருந்தான். சடங்கு அம்மாள் பெட்டியை மறைக்கும் திரைக்கான பொத்தானை அழுத்த மறந்து நின்றாள். கெர்ஷா வந்து மெல்ல அந்த அம்மாளின் முழங்கையைத் தொட்டார், அழுத்தினாள். திரை கரகரவென்று மூடிக்கொண்டது. நியூசன்ஸ் நோரிஸ் போய்ச் சேர்ந்தார், ஒரு மணிகூட அடிக்காமல்.

வெளியே கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. ஒருத்தனும் கிட்டே வரவில்லை. அபெர்தீன்காரன் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, தன் பூட்ஸைப் பார்த்துக் குனிந்துகொண்டு நகர்ந்தான். லோர்னாவுக்கு அது பிடித்திருந்தது. நாற்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக எவனும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மதுக்கடையில் சாண்ட்விச்சுக்கு ஏற்பாடு செய்திருந்தாள். நாசமாய்ப் போகட்டும், அவர்களே தின்னட்டும் என்று பூட்ஸ் பையோடு காரை நோக்கி நடந்தாள்.

டெஸ் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"செத்துட்ட கண்ணு," என்றான்.

"தெரியும்."

"நாப்பத்தஞ்சு வருஷத்துல ஒருத்தர் இப்படிச் செத்து நான் பாத்ததில்ல." அவன் கண் கலங்கியிருந்தது. நிறுத்தினான். "பொய். ஒரு தடவை பாத்திருக்கேன்."

லோர்னா கார்க் கதவில் கை வைத்தாள். "இப்பவும் அவர் கதைதானா மாமா? இன்னைக்காவது விடுங்களேன்."

"சொல்லிட்டுப் போயிடறேன். நீ எதுக்கு ஷூவ வெளிய வச்சேன்னு அவன் உன்னக் கேட்டானாமே, ராத்திரி படுக்கும்போது? நீ சொன்னியாமே?"

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"அடுத்த வாரம் சோஹோல மேடை ஏறினான். மீனும் இல்ல, தீயும் இல்ல. அந்த ஷூ கதையச் சொன்னான். தண்ணி ரொம்பி இருந்தது, நீ ஓடி வந்தது, எல்லாம். அறைஞ்சதையும் சொன்னான். ஒருத்தனும் சிரிக்கல. கடைசியில 'இறங்குடா' ன்னு எவனோ கிளாஸ எறிஞ்சான். செத்தான். அவ்வளவு மோசமா அவன் அதுக்கு முன்னாடியும் சாகல, பின்னாடியும் சாகல." டெஸ் மூக்கைத் துடைத்தான். "மறுநாள் சாயங்காலம் கதையிலருந்து ஷூவத் தூக்கிட்டு சைக்கிளப் போட்டான். மணி வாங்கிட்டு வாடான்னு என்ன அனுப்பினான். நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

லோர்னா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவருக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் நாப்பத்து நாலு வருஷம்."

"ஆமா."

"உங்களுக்கும் தெரியும்."

டெஸ் பையிலிருந்த மணியை வெளியே எடுத்தான், அவளிடம் கொடுக்கலாமா என்பது போல. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டான்.

"போங்க டெஸ் மாமா," என்றாள். "போய் சாண்ட்விச் சாப்பிடுங்க. என் மூஞ்சியில முழிக்காதீங்க."

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. நவம்பர் மாதத்து வெளிச்சம் அதற்குள் வடிந்துவிட்டிருந்தது. வரும் வழியெல்லாம் தூறல், தெருவுக்குள் திரும்பியதும் வலுத்தது. வாசலில் கறுப்புக் குப்பைத் தொட்டி நின்றது. நாளைக் காலை வண்டி வரும். லோர்னா நேரே அங்கே போய் மூடியைத் தூக்கினாள். பையை உள்ளே போட்டாள். மூடினாள். அடப்பாவி, சொல்லித்தான் பார்த்திருக்கிறாய் என்று வாய்விட்டுச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

மூடியைத் திரும்பத் தூக்கினாள். பையை எடுத்து, பூட்ஸ் இரண்டையும் வெளியே இழுத்தாள். நினைத்ததைவிட கனமாக இருந்தன. வாசல் படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், மூக்கு கதவைப் பார்க்கும்படி. ஒன்று சாய்ந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஈரக் கோட்டோடேயே கெட்டிலைப் போட்டாள். தண்ணீர் கொதிக்கும் சத்தத்தையும் மீறி, வெளியே மழை பூட்ஸுக்குள் விழும் சத்தம் கேட்டது. முதலில் வெறும் ரப்பரில் விழும் சத்தம். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் தண்ணீர் விழும் சத்தம். அவள் ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எடுத்து உள்ளே வைக்கப் போகவில்லை.